துடைக்காதீங்க, அலசுங்க

கடலுக்குள்ள போயிட்டு வந்த கேமராவைக் கடல் கெடுத்துச்சுன்னு சொல்றவங்களை எனக்கு நம்பவே தோணாது. பெரும்பாலும் கெடுத்தது, கரை ஏறினதும் பாக்கெட்ல இருந்து வெளிய வந்த கர்ச்சீப். இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். தண்ணிக்கடியில படம் எடுத்த லென்ஸைச் சுத்தம் பண்றதுங்கிறது துடைக்கிற வேலை இல்ல, அலசுற வேலை. அதுவும் எந்தத் தண்ணியில அலசுறோம்ங்கிறதுலதான் பாதி விஷயம் இருக்கு. அந்தப் பாதியை நம்ம மாதிரி வறண்ட சீமைக்காரங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல, நாமே ஊருக்குச் சொல்லலாம்.

"நரிக்குடிக்காரன் கடலுக்கடியில போட்டோ எடுக்கிறதைப் பத்தி எழுதுறானா"ன்னு சிரிக்கிறவங்க சிரிச்சு முடிச்சிடுங்க. எங்க ஊர்ல இருந்து பார்த்திபனூர், பரமக்குடி, ராமநாதபுரம்னு பிடிச்சா விடிகாலையில கிளம்பின பைக் வெயில் ஏறுறதுக்குள்ள மண்டபம் போயிடும். லீவு விட்டா நம்ம பசங்க போறதும் அங்கதான். முன்னெல்லாம் தண்ணிக்குள்ள படம் எடுக்கிறது பெரிய பணக்காரங்க வேலை. இப்ப உள்ளங்கை அளவு ஆக்‌ஷன் கேமரா ஒண்ணு விடுதியில மாடிக்கு ஒருத்தன்கிட்ட இருக்கு. அது கிணத்துல குதிக்கும், கண்மாயில முங்கும், மண்டபத்துல கடலைப் பார்க்கும், அப்புறம் நம்ம விடுதி போர் தண்ணியில குளிக்கும். இந்த நாலுல எது அதை அதிகமா காயப்படுத்துதுன்னு யோசிச்சுப் பாருங்க. கடைசிப் பேருக்கு என் ஓட்டு.

முதல்ல, லென்ஸ் மேல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கணும். முதல் வருஷம் பிசிக்ஸ் லேப்ல ஏர் வெட்ஜ் பண்ணியிருப்பீங்க. ரெண்டு கண்ணாடித் துண்டு, நடுவுல ஒரு மெல்லிய கம்பி, மேல சோடியம் விளக்கு, மைக்ராஸ்கோப்புல கோடு கோடா தெரியுறதை எண்ணி ரெக்கார்டு நோட்டுல எழுதி கையெழுத்து வாங்கினதோட மறந்திருப்பீங்க. அதே மென்படலக் குறுக்கீடுதான் லென்ஸ் மேல பூசியிருக்கிற பூச்சுக்கும் அடிப்படை. கண்ணாடி மேல பட்ட ஒளியில சுமார் 4 சதவீதம் திரும்பிப் போயிடும். மெக்னீசியம் ஃப்ளோரைடு மாதிரி ஒரு பொருளை, ஒளியின் அலைநீளத்துல கால் பங்கு வர்ற மாதிரி பூசினா, திரும்புற ரெண்டு அலையும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். 550 நானோமீட்டர் பச்சை ஒளிக்கு, 1.38 ஒளிவிலகல் எண்ணுக்குக் கணக்குப் போட்டா பூச்சின் தடிமன் 100 நானோமீட்டர் வருது. நம்ம தலைமுடி தோராயமா 70,000 நானோமீட்டர். அதாவது முடியை எழுநூறு சீவலாச் சீவினா அதுல ஒரு சீவல். நீங்க சட்டை நுனியால 'லேசா' துடைக்கிறது இதைத்தான். இன்னைக்கு வர்ற லென்ஸ்ல இப்படிப் பல அடுக்கு இருக்கு. அதுக்கும் மேல கைரேகை ஒட்டாம இருக்க இன்னொரு மெல்லிய பூச்சும் நிறைய லென்ஸ்ல உண்டு.

இதுல ஒரு வேடிக்கையான வரலாறு இருக்கு. 1890-களில் டென்னிஸ் டெய்லர்னு ஒரு ஆங்கிலேய லென்ஸ் வல்லுநர், பழசாகி மங்கிப்போன லென்ஸுகள் புதுசை விட அதிக ஒளியைக் கடத்துறதைக் கவனிச்சார். காலப்போக்குல கண்ணாடி மேல தானா படிஞ்ச மங்கல்தான் காரணம். அதாவது இந்தப் பூச்சுங்கிற யோசனையே, யாரும் தேய்ச்சுப் பளபளப்பாக்காம விட்ட லென்ஸ்ல இருந்து வந்தது. அதுக்கப்புறம் 1935-ல ஜெர்மனியில சைஸ் கம்பெனியைச் சேர்ந்த ஸ்மகுலா வெற்றிடத்துல வச்சு பூச்சு போடுற முறையைக் கொண்டு வந்தார்.

சரி, அந்தப் பூச்சைக் கீறுறது எது? துணின்னு நினைக்கிறோம். அருப்புக்கோட்டை நெசவு ஊர், அந்த ஊர்த் துணியைக் குறை சொன்னா நான் வீடு போய்ச் சேர முடியாது. உண்மையிலேயே துணி மேல குற்றம் இல்ல. பலமுறை துவைச்ச பழைய வேட்டித் துணி கண்ணாடியை விட எவ்வளவோ மெத்துனு இருக்கும். குற்றவாளி, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மாட்டுற மணல். மணல்னா குவார்ட்ஸ். மோஸ் அளவுகோல்ல கடினம் 7. சாதாரண கண்ணாடி ஐந்தரை பக்கம். கடல் உப்போ ரெண்டு, ரெண்டரைதான், நகத்துக்கே சமம். அப்ப உப்பு மட்டும் இருந்தா கண்ணாடியைப் பெருசா கீறாது. ஆனா கடற்கரையில உப்பு தனியா இருக்கிறது இல்ல. காயும்போது பக்கத்துல இருக்கிற மணலையும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு ஒட்டிக்கும். அதைக் காய்ஞ்ச துணியால தேய்க்கிறதும், உப்புத்தாளால தேய்க்கிறதும் ஒண்ணுதான். உப்புத்தாள்ங்கிற பேரு இங்க ரெண்டு அர்த்தத்துலயும் பொருந்துது பாருங்க.

நம்ப முடியலன்னா உங்க ஹெல்மெட்டை எடுத்துப் பாருங்க. திருச்சுழி ரோட்ல சித்திரை மாசப் புழுதியில ஒரு வருஷம் ஓட்டின ஹெல்மெட்டோட கண்ணாடி பகல்ல நல்லாத்தான் தெரியும். ராத்திரி எதிர்ல லாரி வந்தா விளக்கைச் சுத்தி நார் நாரா ஒளி சிதறும். அந்த நார் ஒவ்வொண்ணும் ஒரு தடவை கையால 'சட்டுனு' துடைச்சதோட கீறல். லென்ஸுக்கும் அதே கதைதான். நடு மதியப் படத்துல தெரியாது. சூரியனை ஓரமா வச்சு ஒரு படம் எடுத்துப் பாருங்க, மொத்தமும் பால் ஊத்தின மாதிரி வெளுத்திருக்கும்.

இப்ப உப்புக்கு வருவோம். ஒரு லிட்டர் கடல் தண்ணியில சுமார் 35 கிராம் உப்பு. ஒரு சொட்டு, அதாவது 0.05 மில்லி, லென்ஸ் மேல காய்ஞ்சா ஒண்ணே முக்கால் மில்லிகிராம் உப்பு அங்க உட்காரும். பார்க்க வெள்ளையா பயமா இருக்கும். ஆனா 100 மில்லி நல்ல தண்ணி 36 கிராம் உப்பைக் கரைக்கும். அதாவது நீங்க தொடவே வேண்டாம், தண்ணி காட்டினாலே அது போயிடும். அதுக்குத் தேவை கை வலு இல்ல, கொஞ்ச நேரம். பட்டனுக்கு அடியில, மூடியோட வளையக் காடியில, திருகு மரையில போய்ப் படிகமான உப்பு வெளிய வர்றது பரவல் முறையில, மெதுவாத்தான். அதனாலதான் கடல்ல படம் எடுக்கிறவங்க எல்லாரும் சொல்றது: காய விடாதே. கடல்ல இருந்து எடுத்ததும் அப்படியே, உறையைத் திறக்காம, நல்ல தண்ணி வாளியில போடு. அரை மணி நேரம் ஊறட்டும். தண்ணிக்குள்ள இருக்கும்போதே ஒவ்வொரு பட்டனையும் நாலு தடவை அமுக்கிவிடு. கரைக்கு வந்த கையோட வாளி இல்லன்னா ஈரத் துண்டுல சுத்தி, பாலித்தீன் பையில போட்டுக் கொண்டு வா. காய்ஞ்சாதான் வம்பு.

இன்னொண்ணு. வேகமா அடிக்கிற ஹோஸ் பைப்பை நேரா அதுமேல பிடிக்காதீங்க. வாட்டர் சர்வீஸ்ல பைக் கழுவுற வேகத்தோட பழகின கைக்கு அது பெருசா தெரியாது. ஆனா உறையோட ரப்பர் வளையம் எல்லாப் பக்கமும் சீரா அமுக்குற ஆழத்து அழுத்தத்துக்காகச் செஞ்சது, ஒரே இடத்துல பீச்சி அடிக்கிற தண்ணிக்காக இல்ல. மணலை வளையத்துக்கு அடியில தள்ளிவிட இதை விட நல்ல வழி கிடையாது.

இதுவரைக்கும் எந்த ஊர்க்காரனும் சொல்லிடுவான். நம்ம ஊர்க்காரன் கவனிக்க வேண்டியது இனிமேதான்.

'நல்ல தண்ணி வாளி'ன்னு சொன்னேனே, அது எந்த நல்ல தண்ணி? வெளிநாட்டுக்காரன் எழுதின கையேட்டுல 'குழாய்த் தண்ணியில அலசவும்'னு ஒரு வரியில முடிச்சிருப்பான். அவன் குழாயில வர்றது வேற. நம்ம வீட்ல ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு தண்ணி உண்டு. குடிக்க நல்ல தண்ணி, புழங்க உப்புத் தண்ணி. எந்தக் குடத்துல எதுன்னு அஞ்சு வயசுப் பிள்ளைக்குத் தெரியும். உப்புத் தண்ணியில பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வெந்நீர் அண்டாவோட அடியில வெள்ளையா ஓடு கட்டும். அந்த ஓடுதான் இங்க பிரச்சினை.

கெமிஸ்ட்ரி லேப்பை ஞாபகப்படுத்திக்கங்க. ஈடிடிஏ டைட்ரேஷன். எரியோகுரோம் பிளாக் டி போட்டதும் ஒயின் சிவப்பு, பியூரெட்டைத் திறந்து சொட்டுச் சொட்டா விட்டா ஒரு கட்டத்துல நீலம். 'இதை எதுக்குப் படிக்கிறோம்'னு கேட்டவங்க எல்லாம் கைதூக்குங்க. இதுக்குத்தான். தண்ணியில இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவுன்னு அந்த நிறம் மாறுறது சொல்லுது. இந்தியத் தர நிர்ணயப்படி (ஐஎஸ் 10500) குடிதண்ணியில மொத்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏத்துக்கலாம், வேற வழியே இல்லாத ஊருக்கு 2000 வரை போகலாம். நம்ம பக்கத்துப் போர் தண்ணியில டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பாருங்க, நான் சொல்ல வேண்டாம்.

சாதாரண உப்பு தண்ணியில கரையும்னு சொன்னேன். ஆனா கடினத் தண்ணி காய்ஞ்சா மிஞ்சுறதுல பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அது ஒரு லிட்டர் சுத்தத் தண்ணியில பதினஞ்சு மில்லிகிராம் கூடக் கரையாது. கணக்கைப் பாருங்க. கடல் உப்பு, சுலபமா கரையுற கறை. அதைக் கழுவறேன்னு போர் தண்ணியில முக்கி வெயில்ல காயவச்சா, கரையுற கறையை எடுத்துட்டு கரையாத கறையை நீங்களே ஒட்டவைக்கிறீங்க. வட்ட வட்டமா வெள்ளைப் பொட்டு. தண்ணி விட்டாப் போகாது. போகலன்னதும் கை என்ன பண்ணும்? அழுத்தித் தேய்க்கும். பூச்சு போச்சு. அப்புறம் 'கடலுக்குக் கொண்டு போனேன், லென்ஸ் போயிடுச்சு'ன்னு கடல் மேல பழி.

இதுக்கு வழி ரொம்பச் செலவு பிடிச்சது இல்ல. உப்புத் தண்ணி வாளியே வேண்டாம்னு நான் சொல்லல. முதல் ஊறலுக்கு அது போதும், கடலோட 35,000 மில்லிகிராமுக்கு முன்னாடி நம்ம போர் எவ்வளவோ தேவலாம். ஆனா கடைசி அலசல், காயவைக்கிறதுக்கு முந்தின அலசல், கட்டாயம் மென்தண்ணியில இருக்கணும். ஆர்ஓ தண்ணி ஒரு லிட்டர் போதும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் கேன் ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையிலயே கிடைக்கும், அது இன்னும் நல்லது. ஒரே எச்சரிக்கை, அதே கடையில பேட்டரி ஆசிட்டும் கேன்லதான் இருக்கும், லேபிளைப் படிச்சு வாங்குங்க. எல்லாத்தையும் விட சொகுசு, மழைத் தண்ணி. ஐப்பசி, கார்த்திகையில முதல் ரெண்டு மழையில கூரைத் தூசி போனப்புறம், வெட்டவெளியில அண்டாவை வச்சு வாயில வெள்ளைத் துணி கட்டிப் பிடிச்சு வைப்பாங்க நம்ம ஆட்கள். பருப்பு வேகவும் குடிக்கவும் பிடிச்ச அந்தத் தண்ணியில உப்பு கிட்டத்தட்ட கிடையாது. கேமராவுக்காகப் பாட்டிகிட்ட ஒரு சொம்பு கேளுங்க. திட்டிக்கிட்டே தருவாங்க. (ஏசியில இருந்து சொட்டுற தண்ணி கூட உப்பில்லாததுதானேன்னு கேக்கிற ஆள் ஒவ்வொரு கிளாஸ்லயும் உண்டு. உப்பில்ல சரி, ஏசி கம்பிச் சுருள்ல படிஞ்ச தூசியும் அழுக்கும் அதுல இருக்கே.)

அலசுறதுலயும் ஒரு கணக்கு இருக்கு. கேமராவும் உறையும் சேர்ந்து 10 மில்லி கடல் தண்ணியை ஒட்டிக்கிட்டு வருதுன்னு வைங்க. அதுல 350 மில்லிகிராம் உப்பு. 10 லிட்டர் நல்ல தண்ணியில ஒரே முக்கா முக்கினா, வாளியில லிட்டருக்கு 35 மில்லிகிராம் ஆகும். அதே 10 லிட்டரை அஞ்சு அஞ்சா ரெண்டு வாளியில பிரிச்சு, ஒண்ணு முடிச்சு ஒண்ணு முக்கினா? முதல் வாளி 70. அதுல இருந்து திரும்ப 10 மில்லி ஒட்டிக்கிட்டு ரெண்டாவதுக்குப் போனா அங்க வெறும் 0.14. அதே தண்ணி, இருநூத்தம்பது மடங்கு சுத்தம். கெமிக்கல் என்ஜினியரிங் பசங்க இதைப் பெரிய பேர் வச்சுப் படிக்கிறாங்க. எங்க தெருவுல தண்ணி லாரி வராத நாள்ல பாத்திரம் தேய்க்கிற எல்லாருக்கும் இது தெரியும். ஒரு பெரிய அண்டாவுல அலச மாட்டாங்க. ரெண்டு சட்டி. முதல் சட்டியில அழுக்கு போகும், ரெண்டாவது சட்டித் தண்ணி கடைசி வரைக்கும் தெளிவாவே இருக்கும்.

அலசி முடிச்சா, உலர்ந்த சுத்தமான துண்டால ஒத்தி எடுங்க. ஒத்தி. நிழல்ல வைங்க. வெயில்ல வச்சா உறைக்குள்ள காத்து சூடாகும், வளையம் இளகும், மேல சொன்ன பொட்டும் சீக்கிரம் காய்ஞ்சு ஒட்டும்.

அடுத்தது, நீங்க எதைச் சுத்தம் பண்றீங்கன்னு தெரியணும். தண்ணிக்குப் போற கேமராவுல உண்மையான லென்ஸ் தண்ணியைத் தொடுறதே இல்ல. அதுக்கு முன்னாடி ஒரு கண்ணாடி ஜன்னலோ, அரைக்கோளக் குமிழோ இருக்கும். அது கண்ணாடியா அக்ரிலிக்கான்னு முதல்ல கேட்டுக்கங்க. கண்ணாடின்னா, மணல் முழுசா போனப்புறம் எண்ணெய்ப் பிசுக்கு மிஞ்சியிருந்தா, ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விடைத் தண்ணியில கரைச்சு விரல் நுனியால தடவி அலசலாம். வெள்ளைப் பொட்டு ஏற்கெனவே விழுந்திருந்தா, பூச்சு இல்லாத வெளிக் கண்ணாடிக்கு மட்டும், தண்ணி கலந்த வினிகரைத் தொட்டு வச்சு உடனே அலசினா இளகும். அக்ரிலிக்னா ஆல்கஹால் பக்கமே போகக் கூடாது. கொரோனா காலத்துல பழகின கை, எதைப் பார்த்தாலும் சானிடைசர் அடிக்குது. அக்ரிலிக் மேல ஆல்கஹாலோ, அசிட்டோனோ, அம்மோனியா கலந்த கண்ணாடி க்ளீனரோ பட்டா, அதுக்குள்ள ஏற்கெனவே இருக்கிற அழுத்தம் விட்டுக்கொடுத்து முடி மாதிரி வலைவிரிசல் விழும். உடனே தெரியாது, ரெண்டு நாள் கழிச்சுத் தெரியும். அப்ப யார் அடிச்சதுன்னு விடுதியில யாரும் ஒத்துக்க மாட்டாங்க. ஹெல்மெட் கண்ணாடி பெரும்பாலும் பாலிகார்பனேட், அதுக்கும் இந்த விதி பொருந்தும்.

அக்ரிலிக்ல ஒரு ஆறுதல் உண்டு. அதோட ஒளிவிலகல் எண் 1.49, தண்ணிக்கு 1.33. ரெண்டும் கிட்டத்துல இருக்கிறதால வெளிப்பக்கக் கீறலைத் தண்ணி நிரப்பிடும், படத்துல பெருசா தெரியாது. இதை வச்சுத்தான் சிலர் 'கீறல் எல்லாம் ஒண்ணும் பண்ணாது ப்ரோ'ன்னு சொல்றாங்க. அரை உண்மை. உள்பக்கக் கீறலுக்கு இது பொருந்தாது, அங்க இருக்கிறது காத்து. பாதி தண்ணி, பாதி வானம்னு எடுக்கிற படத்துல மேல்பாதியில எல்லாக் கீறலும் கையெழுத்துப் போட்ட மாதிரி வந்து நிக்கும். கரையில எடுக்கிற எல்லாப் படத்துலயும் அப்படித்தான்.

நான் பார்த்த வரைக்கும், பாதிப் பேர் துடைக்கிறது அழுக்கையே இல்ல, ஆவியை. மண்டபத்துக் காலையில, ஈரக் காத்துல உறையை மூடி, உடனே தண்ணிக்குள்ள இறக்கினா, ஜன்னல் குளிர்ந்து உள்பக்கம் பனி பூக்கும். வெளிய எவ்வளவு தேய்ச்சாலும் போகாது, ஏன்னா அது உள்ள இருக்கு. உடனே கடற்கரை மணல்லயே உட்கார்ந்து உறையைத் திறந்து உள்பக்கம் துடைப்பாங்க. ஒரு பனிக்காக வளையத்துல மணலை ஏத்திட்டு வர்ற ஏற்பாடு. முந்தின ராத்திரியே உலர்ந்த அறையில உள்ள ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தைச் செருகி மூடிடுங்க, முடிஞ்சது. இதுல வறண்ட ஊர்க்காரங்களுக்கு ஒரு அனுகூலம். லென்ஸுக்குள்ள பூஞ்சை பிடிக்கிறதுக்கு ஈரக் காத்து வேணும். கடலோரத்து வீட்ல அதுக்குப் பயந்து உலர்பெட்டி வாங்குறாங்க. நமக்கு வருஷத்துல பாதி நாள் ஊரே உலர்பெட்டி. அதுக்குன்னு அரிசி டப்பாவுக்குள்ள கேமராவைப் புதைச்சு வைக்காதீங்க. தவிட்டுத் தூசிதான் மிச்சம்.

ரப்பர் வளையத்தைப் பத்தி ரெண்டு வரி. 1986 ஜனவரி 28 சேலஞ்சர் விண்கலம் எதனால வெடிச்சதுன்னு உங்க பேராசிரியர் எத்திக்ஸ் வகுப்புல சொல்லியிருப்பார். விசாரணையில ஃபைன்மன் ஒரு வளையத் துண்டை ஐஸ் தண்ணியில முக்கிக் காட்டின கதையையும் சொல்லியிருப்பார். உங்க உறையில இருக்கிறதும் அதே குடும்பம்தான். ஒரு முடி, ஒரு மணல், பஞ்சு பட்ஸ்ல இருந்து உதிர்ந்த ஒரு இழை போதும், கடல் உள்ள வர. தயாரிப்பாளர் சொல்ற கிரீஸை மட்டும், மினுமினுப்பு தெரியுற அளவுக்கு மட்டும் தடவுங்க. கிரீஸ் அடைக்காது, வழுக்கத்தான் வைக்கும்.

இனி உண்மையான லென்ஸ். தலையையும் கையையும் துவட்டிட்டு, உறையோட முகம் கீழ பார்க்கிற மாதிரி பிடிச்சுத் திறங்க. காடியில தேங்கின தண்ணி கீழ சொட்டட்டும். உள்ள இருக்கிற லென்ஸ் நனைஞ்சிருக்கக் கூடாது, அப்ப அதுக்கு அலசலும் தேவையில்ல. ரப்பர் பல்பு ஊதியால ஊதினாப் போதும். வாயால ஊதினா எச்சில் தெறிக்கும். தூசி போகலன்னா மெல்லிய பிரஷ். கைரேகை இருந்தா மட்டும், லென்ஸ் திரவத்தை டிஷ்யூல ஒரு சொட்டு விட்டு, நடுவுல இருந்து வெளிய வட்டமா. நேரா லென்ஸ் மேல சொட்டு விட்டா அது ஓரத்துக்கு ஓடி, நுண்புழை ஏற்றத்துல உள்ள இறங்கிடும். மைக்ரோஃபைபர் துணி நல்லதுதான், தரையில ஒரு தடவை விழாத வரைக்கும். விழுந்துச்சுன்னா துவைச்சுட்டு எடுங்க, கம்ஃபர்ட் மாதிரி மணத் திரவம் சேர்க்காம.

"இவ்வளவு பாடு எதுக்கு, ரீல்ஸ் போடத்தானே"ன்னு கேப்பீங்க. கேளுங்க. நம்ம பக்கத்து வீட்ல ஒரு கேமரா வாங்குறதுன்னா அது ஒரு மிளகா வெள்ளாமைக் காசு, இல்ல நாலு ஆடு. முன்பக்கக் கண்ணாடியை மாத்தக் கடைக்குப் போனா, புது லென்ஸே வாங்கிக்கங்கன்னு சொல்ற விலைதான் வரும். அது ஒண்ணு.

இன்னொண்ணு, மண்டபத்துல நாம பொழுதுபோக்கா எட்டிப் பார்க்கிற அதே கடல் 1986-ல தேசியப் பூங்காவா அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல 21 தீவு, அதைச் சுத்திப் பவளப்பாறை. 2010-லயும் 2016-லயும் கடல் சூடேறி அந்தப் பவளங்கள் வெளுத்துச்சு. பவளத்துக்கு நிறம் தர்றது அதுக்குள்ள வாழுற நுண்பாசி. சூடு தாங்காம பாசி வெளியேறினா, பவளம் வெளிறி எலும்பு தெரியும். தூத்துக்குடியில இருக்கிற சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் மாதிரியான இடங்கள்ல இருந்து ஆட்கள் முங்கிப் போய்ப் பார்த்துதான் எவ்வளவு பிழைச்சது, எவ்வளவு செத்ததுன்னு கணக்கெடுக்கிறாங்க. அந்த வேலையில படம்ங்கிறது சாட்சி. போன வருஷப் படத்தையும் இந்த வருஷப் படத்தையும் பக்கத்துல வச்சு நிறத்தை ஒப்பிடணும்.

இப்ப யோசிங்க. அஞ்சு மீட்டர் இறங்கினாலே சிவப்பு மங்க ஆரம்பிக்கும், தண்ணியில மிதக்கிற துகள் வேற வெளிச்சத்தைச் சிதறடிக்கும். அதுக்கு மேல நம்ம லென்ஸும் ஒரு வெள்ளைத் திரையைப் போட்டா, பழுப்பா உயிரோட இருக்கிற பவளம் படத்துல வெளிறினதா தெரியும். நம்ம காலேஜ்லயே மெக்கானிக்கல், ஈசிஇ பசங்க சேர்ந்து தண்ணிக்கடி ரோபோ புராஜெக்ட் பண்றாங்க. ரிவ்யூவுல மோட்டார், கன்ட்ரோலர், கோடு எல்லாத்தையும் கேக்குறாங்க. "கேமராக் கண்ணாடியை எந்தத் தண்ணியில கழுவுனீங்க"ன்னு ஒரு பேனல் கூட கேட்டதில்ல. படத்தை அடையாளம் காண ஏஐ மாடல் பழக்குறவங்களும் அப்படித்தான். பயிற்சிப் படத்துல பாதி உப்புப் பொட்டோட இருந்தா, மாடல் மீனை விட்டுட்டுப் பொட்டைப் படிச்சுக்கும்.

காவலூர் வானாய்வகத்துல 2.34 மீட்டர் விட்டத் தொலைநோக்கி இருக்கு. அந்த மாதிரிப் பெரிய கண்ணாடிகளை யாரும் தினம் துணியால துடைக்கிறது கிடையாது. தூசி ஓரளவு படிஞ்சாலும் பொறுத்துக்குவாங்க. காலம் வந்ததும் கழுவி, அலுமினியப் பூச்சைப் புதுசா ஏத்துவாங்க. நட்சத்திரம் பார்க்கிறவனுக்கே தூசியோட வாழத் தெரியும்போது, லென்ஸ்ல ஒரு புள்ளி தெரிஞ்சதும் நமக்கு ஏன் கை பரபரக்குதுன்னு தெரியல. ரெண்டு தூசி படத்தைக் கெடுக்காது. ஒரு கீறலும், ஒரு விரல் பிசுக்கும் கெடுக்கும்.

போன்ல எடுக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. ஐபி 68ன்னு பெட்டியில போட்டிருக்கிறது நல்ல தண்ணியில சோதிச்சுக் கொடுத்த சான்று, கடலுக்கு இல்ல. கடல் பட்டா உடனே மென்தண்ணியில அலசி, முழுசா உலர்ற வரைக்கும் சார்ஜர் குத்தாதீங்க. உறைக்குள்ளயே கடல் தண்ணி புகுந்துட்டா ஆன் பண்ணிப் பார்க்கிற ஆசையை அடக்கி, பேட்டரியைக் கழட்டுங்க.

என் யோசனை இது. நம்ம மீடியா கிளப் கேமரா ஒண்ணு, எல்லாத் துறைக்கும் சுத்தி வருது. யார் கைக்குப் போனாலும் அவங்க சட்டைதான் அதுக்குத் துண்டு. பையில ஒரு ஊதி, ரெண்டு மைக்ரோஃபைபர், ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் பாட்டில், ரெண்டு மடக்குற பக்கெட். மொத்தமும் ஒரு ட்ரீட் செலவுக்குள்ள வரும். கேமராவைத் திருப்பித் தர்ற ரிஜிஸ்டர்ல 'பேட்டரி', 'மெமரி கார்டு' கட்டத்துக்குப் பக்கத்துல 'கடைசி அலசல்: எந்தத் தண்ணி?'ன்னு ஒரு கட்டம். பொய் எழுதுறவங்க எழுதட்டும், பொட்டு காட்டிக் கொடுத்துடும். விடுதி போர் தண்ணியோட கடினத்தை முதல் வருஷ லேப்ல இந்த செமஸ்டரே எடுத்துடலாம், பியூரெட் எப்படியும் காலியாத்தான் தொங்குது. அந்த எண்ணை கிளப் அறைக் கதவுல ஒட்டுற வேலையை நான் எடுத்துக்கிறேன்.